வீட்டுமொழியும் பள்ளிமொழியும்

கேரளத்தில் ஜூன் திங்களில் பள்ளிகள் திறக்கும்போது மழையும் உடன் வருவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய மழைநாள் ஒன்றில், மட்டாஞ்சேரிப் பள்ளி ஒன்றின் மூன்றாம் வகுப்பில் புதிதாக ஒரு சிறுமி சேர்ந்தாள். ஆசிரியை அவளை அன்புடன் அருகில் அழைத்து, சொந்த ஊர் எது என்று மலையாளத்தில் வினவினார். வினா சிறுமிக்கு விளங்கிற்று. "கோவில்பட்டி" என்று தெளிவாகவே விடையிறுத்தாள். அடுத்த கணம் வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது.

சிரிப்பின் காரணம் அவளுக்குப் புரியவில்லை. மலையாளத்தில் 'பட்டி' என்றால் நாய். கோயில் நாய் என்று ஓர் ஊருக்குப் பெயரா என்று பிள்ளைகள் நகைத்தார்கள். அவர்கள் நெஞ்சில் தீய எண்ணம் ஏதும் இல்லை. கேட்ட சொல்லுக்குத் தங்களுக்குத் தெரிந்த பொருளைக் கொண்டார்கள், அவ்வளவே. ஆசிரியையும் அவர்களை அதட்டி அடக்கினார். ஆயினும் அன்று மூடிய வாயை அச்சிறுமி பல வாரங்கள் திறக்கவில்லை.

மாதம் ஒன்று கடந்தது. வாய்க்கணக்கில் பதில் இல்லை. பாடம் படிக்கச் சொன்னால் தலை கவிழ்ந்தபடி நிற்பாள். 'மந்தமான பிள்ளை' என்று ஆசிரியை கருதினார். தாயை வரவழைத்து, வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டு மலையாளத்திலேயே பேசுமாறு அறிவுரை கூறினார். நல்ல எண்ணத்தோடு கூறிய அறிவுரைதான். தாயும் அதை வேதவாக்காகக் கொண்டார். ஆனால் அவருக்குத் தெரிந்த மலையாளமோ கடைவீதியில் காய்கறி வாங்கும் அளவுக்கே போதும். 'சாப்பிடு, படி, தூங்கு' என்பவற்றுக்கு மேல் மகளிடம் பேச அவரிடம் சொல் இல்லை. இரவில் சொல்லிவந்த கதைகள் நின்றன. மகளும் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். பள்ளியில் ஊமையாக இருந்த பிள்ளை இப்பொழுது வீட்டிலும் ஊமையானாள்.

நம் சங்கத்துக் கூட்டம் ஒன்றின் முடிவில் அந்தத் தாய் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, பிள்ளையோடு தமிழே பேசக் கூடாதாம். நான் வேறு எதில் அவளைக் கொஞ்சுவேன்?" என்று கேட்டார். அன்று அவருக்குத் தக்க விடை கூற என்னால் இயலவில்லை. அந்த விடையைத் தேடியே இக்கட்டுரையை எழுதுகின்றேன். நம் குடும்பங்களிற் பலவற்றில் இதே கேள்வி வாய்விட்டுக் கேட்கப்படாமல் புதைந்து கிடப்பதை நான் அறிவேன்.

பல மொழிகளின் கடைவீதி

இச்செய்தி வேறு ஊரில் நிகழ்ந்திருந்தால் வியப்பில்லை. மட்டாஞ்சேரியில் நிகழ்ந்ததுதான் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஏனெனில், ஒரே மொழியை நம்பி இவ்வூர் ஒருநாளும் வாழ்ந்ததில்லை.

சில நாழிகை நடந்தால் போதும். செருளாயிப் பகுதியில் திருமலைக் கோயிலைச் சுற்றிக் கொங்கணி ஒலிக்கும். போர்த்துக்கீசியர் காலத்தில் கோவாவை விட்டு வந்தோரின் வழியினர் பேசும் மொழி அது. குஜராத்திச் சாலையில், 1904ஆம் ஆண்டில் எழுந்த தருமநாதர் சமணக் கோயிலின் அருகே குஜராத்தி கேட்கும். கச்சி மேமன் மக்கள் தம் வீடுகளில் கச்சி பேசுவர். 1568இல் கட்டப்பெற்ற யூதர் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கின்றது. இங்கு வாழ்ந்த யூதர்கள் எபிரேயத்தில் வழிபட்டார்கள். அவர்களுடைய பெண்டிரோ தம் திருமணப் பாட்டுகளையும் திருநாட் பாட்டுகளையும் மலையாளத்திற் பாடி, குறிப்பேடுகளில் எழுதிக் காத்தார்கள். அருகே கோட்டைக் கொச்சியின் வேளிப் பகுதியில் 'தோபிக்கானா' என்னும் துணிவெளுக்கும் இடம் உண்டு. டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட குடும்பங்களின் வழியினர் அங்கே இன்றும் தமிழ் பேசக் கேட்கலாம்.

ஆட்சி வரலாறும் அத்தகையதே. கோட்டைக் கொச்சி 1956 வரை சென்னையைத் தலைமையாகக் கொண்ட ஆட்சியின் கீழ் இருந்தது. அடுத்த தெருவான மட்டாஞ்சேரியோ கொச்சி அரசுக்கு உரியதாக இருந்தது. இரண்டும் 1967இல் எறணாகுளத்தோடு சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆயின.

பன்மொழியின் பயனை இவ்வூர் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே உலகுக்குக் காட்டியதும் உண்டு. கொச்சியில் டச்சு ஆட்சித் தலைவராக இருந்த வான் ரீடு, மலையாள நாட்டு மூலிகைகளைப் பற்றி 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்னும் பெருநூலைத் தொகுப்பித்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் பன்னிரண்டு தொகுதிகளாக அது வெளிவந்தது. அதற்குச் செய்தி தந்தவருள் தலையாயவர் இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியர். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி வைத்தியர் மூவரும் அப்பணியிற் பங்கு கொண்டனர். அச்சுதன் தம் சான்றுரையைத் தம் மொழியில், கோலெழுத்தில் எழுதித் தந்தார். ஏனை மூவரும் கொங்கணியில் எழுதித் தந்தனர். உள்ளூர் மொழியில் இருந்த அறிவு போர்த்துக்கீசியத்தின் வழியாக இலத்தீனைச் சென்றடைந்தது. 'இலத்தீன் தெரியாதவரிடம் கற்பதற்கு என்ன இருக்கிறது?' என்று வான் ரீடு எண்ணியிருந்தால் அந்நூல் பிறந்தே இராது. மட்டாஞ்சேரி ஆசிரியர் எவரும் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி இது.

கண் திறந்த நாள்

நம் சிறுமியின் கதைக்குத் திரும்புவோம். அவள் தந்தை தம் ஊர்த் தொழிலையே இங்கும் செய்பவர். கோவில்பட்டிக் கடலைமிட்டாயின் சிறப்பை நேயர்களுக்குக் கூற வேண்டியதில்லை. 2020இல் அது புவிசார் குறியீடும் பெற்றது. வெல்லப்பாகு காய்ச்சி, கடலைமிட்டாய் செய்து, தள்ளுவண்டியில் வைத்துக் கடைவீதியில் விற்பார். மாலையில் மகளும் துணைக்கு நிற்பாள்.

ஒருநாள் அவ்வழியே வந்த ஆசிரியை வண்டியருகே நின்றார். முன்னே நின்றவர் ஏழு பொட்டலங்கள் வாங்கினார். பொட்டலம் ஒன்று பன்னிரண்டு ரூபாய். நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். தந்தை பொட்டலம் கட்டி முடிப்பதற்குள் சிறுமி, "எண்பத்து நாலு, மீதி பதினாறு" என்று கூறிச் சில்லறையை எடுத்து நீட்டினாள். ஆசிரியை திகைத்து நின்றார். ஏழு பன்னிரண்டு எவ்வளவு என்று காலையில்தான் அவளைக் கேட்டிருந்தார். அவள் வாய் திறக்கவில்லை.

மறுநாள் அவர் சிறுமியைத் தனியே அமர்த்தி, பொறுமையோடு ஆராய்ந்தார். காரணம் வெளிப்பட்டது. மலையாளத்தில் பெருக்குவதைக் 'குணிக்குக' என்றும், வகுப்பதை 'ஹரிக்குக' என்றும் பாடநூல் கூறும். 'கூட்டுக' என்றால் அவளுக்குப் புரிந்தது; தமிழிலும் அது கூட்டல்தான். 'குணிக்குக' என்பது மட்டும் அவள் அதுவரை கேட்டறியாத சொல். அவளுக்குத் தெரியாதிருந்தது கணக்கன்று. கணக்கைக் கேட்ட சொல்லே.

"நீ இதை என்னவென்று சொல்லுவாய்?" என்று ஆசிரியை கேட்டார். "பெருக்கல்" என்றாள் சிறுமி. அச்சொல்லைக் கேட்டதும் ஆசிரியைக்குத் தம் பாட்டியார் காலத்துச் சொல் ஒன்று நினைவுக்கு வந்தது. வாய்பாட்டுக்கு மலையாளத்தில் 'பெருக்கப்பட்டிக' என்றும் ஒரு பெயர் உண்டு. சிறுமியின் சொல் அயற்சொல் அன்று. தம் மொழியின் வீட்டு அறையிலேயே பழம்பெட்டியில் கிடந்த சொல் என்று உணர்ந்தார். அன்று முதல் கரும்பலகையில் 'குணனம்' என்று எழுதும்போதெல்லாம் பக்கத்தில் 'பெருக்கம்' என்றும் எழுதலானார். மலையாளப் பிள்ளைகளுக்கும் ஒரு பழைய சொல் புதிதாகக் கிடைத்தது.

ஆசிரியர் ஒருவர் மாணாக்கரின் வீட்டுமொழியை மதிக்கத் தொடங்குவது பெரும்பாலும் இவ்வாறுதான். மேலிடத்துச் சுற்றறிக்கையால் அம்மதிப்பு வந்துவிடுவதில்லை. பிள்ளைக்கு அறிவு உண்டு, அது வேறொரு மொழியில் இருக்கிறது என்பதை ஒருமுறை கண்ணால் கண்டுவிட்டால் பிறகு கண்ணை மூடிக்கொள்ள இயலாது.

பிழைகளுக்கும் காரணம் உண்டு

பிழையைக் கண்டு சினவாமல் அதன் வேரைத் தேடத் தொடங்கினார் அந்த ஆசிரியை. தமிழ்ப் பிள்ளைகள் மலையாளத்தில் செய்யும் பிழைகள் தாறுமாறானவை அல்ல. அவற்றுள் ஓர் ஒழுங்கு இருக்கின்றது.

தமிழில் க, ச, ட, த, ப என்னும் ஐந்து எழுத்துகள் செய்யும் பணிக்கு மலையாளத்தில் இருபது எழுத்துகள் உள்ளன. ஆகவே, பாரதம் என்னும் சொல்லின் முதலெழுத்தைத் தமிழ்ப் பிள்ளை 'பசு'வின் பகரமாக எழுதுவது கவனக்குறைவு அன்று. நாம் எழுத்தில் ஒன்றாகக் காண்பதை மலையாளம் நான்காகக் காண்கிறது. அவ்வேறுபாட்டைச் சில நாட்கள் காதால் பழக்கிய பின்னரே கை எழுதும்.

தமிழில் வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று வினையிலேயே ஆண், பெண், பலர் என்பது புலப்படும். மலையாளத்தில் எவர் வந்தாலும் 'வந்நு' ஒன்றே. ஆகவே, தமிழ்ப் பிள்ளை மலையாள வினைக்கும் வால் ஒன்று ஒட்ட முனைகிறது. அது தன் மொழியின் இலக்கணத்தைப் பிழையறக் கற்றதற்குச் சான்று.

மயக்கம் தரும் சொற்களும் பல. நமக்கு 'வெள்ளம்' ஊரை அழிப்பது. அவர்களுக்கு அது குடிக்கும் நீர். ஊரை அழிப்பது 'வெள்ளப்பொக்கம்'. நமக்குச் 'சம்சாரம்' மனைவி; அவர்களுக்குப் பேச்சு. நமக்கு 'அவசரம்' விரைவு, அவர்களுக்கு வாய்ப்பு. நாம் சர்க்கரை என்றால் வெண்சர்க்கரையை நினைப்போம். அவர்களுடைய 'சர்க்கர' நம் வெல்லம், வெண்சர்க்கரை 'பஞ்சசார'. இவற்றை முன்கூட்டியே விளக்கிவிட்டால் சிரிப்புக்கு இடமின்றிப் போகும். அல்லது அனைவரும் சேர்ந்து சிரிக்கலாம்.

இடர்கள் இவை என்றால், உதவிகள் இவற்றினும் பல. மலை, தலை, மழை, வாழை என்பவை மல, தல, மழ, வாழ என நிற்கும். மாங்காய் மாங்ங ஆகும். தேங்காய் தேங்ங ஆகும். மஞ்சள் மஞ்ஞள் ஆகும். கஞ்சி கஞ்ஞி ஆகும். இத்தகைய விதிகள் மூன்று நான்கைச் சொல்லிக்கொடுத்தால், தமிழ்ப் பிள்ளை ஒரே வாரத்தில் பல நூறு மலையாளச் சொற்களுக்கு உரிமை பெறும். வீட்டுமொழியை வாயிலுக்கு வெளியே விட்டு வரச் சொல்லும் ஆசிரியர் இவ்வுதவியையும் வெளியே விட்டுவிடுகிறார்.

நன்மை ஒருவழிப்பட்டதன்று. ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் பழக்கம் நம் தென்மாவட்டங்களில் மிகுதி. 'மழ' என்று மலையாள வகுப்பில் திருத்தமாகச் சொல்லப் பழகிய பிள்ளை, வீட்டில் 'மளை' என்று சொல்லும் தந்தையைத் திருத்துவதை நான் கேட்டிருக்கின்றேன்.

ஒரு கடலையும் பல பெயர்களும்

அந்த ஆசிரியை பின்னர் நடத்திய பாடம் ஒன்றைக் கூறாமல் இருக்க இயலவில்லை. ஒருநாள் ஒரு பிடி வறுத்த கடலையை மேசைமீது வைத்து, "இதற்கு உங்கள் வீட்டில் என்ன பெயர்?" என்று வகுப்பைக் கேட்டார்.

மலையாளப் பிள்ளைகள் 'கப்பலண்டி' என்றனர். குஜராத்திச் சிறுவன் 'சிங்' என்றான். இந்தி பேசும் வீட்டுப் பிள்ளை 'மூங்பலி' என்றான். தொழில் நாடி வங்கத்திலிருந்து வந்த குடும்பத்துச் சிறுவன் 'சீனாபாதாம்' என்றான். இறுதியாக நம் சிறுமி எழுந்து, 'நிலக்கடலை' என்றாள். அவ்வளவையும் கரும்பலகையில் எழுதிய ஆசிரியை, ஒவ்வொரு பெயரும் என்ன சொல்கிறது என்று கேட்டார்.

கப்பலண்டி என்றால் கப்பலில் வந்த கொட்டை. சீனாபாதாம் என்றால் சீன நாட்டு வாதுமை. நிலக்கடலை என்றால் நிலத்துக்குள் விளையும் கடலை. தென் அமெரிக்காவில் தோன்றிய அப்பயிர், ஐரோப்பியர் கடல்வழி கண்ட பின்னரே நம் நாட்டுக்கு வந்தது. வந்த வழியை ஒரு மொழி நினைவில் வைத்தது. வந்த திசை சீனம் என ஒரு மொழி கருதியது. விளையும் விதத்தை ஒரு மொழி நோக்கியது. ஐந்து வீட்டுப் பெயர்களையும் சேர்த்துப் பார்த்தபோது ஒரு வரலாற்றுப் பாடமும், ஒரு தாவரப் பாடமும், ஒரு நிலநூற் பாடமும் கிடைத்தன. மலையாளப் பெயர் ஒன்றே போதும் என்று இருந்திருந்தால் அப்பாடத்திற் பாதி கிடைத்திராது.

அடுத்து, 'பட்டி' என்னும் சொல்லையும் ஆசிரியை எடுத்துக்கொண்டார். தமிழில் அதற்கு ஆநிரை அடைக்கும் தொழுவம் என்றும், சிற்றூர் என்றும் பொருள் என்று கூறி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்று ஊர்ப்பெயர்களை அடுக்கினார். பின்பு, "நம் ஊர்ப்பெயரில் உள்ள சேரி என்றால் என்ன?" என்று கேட்டார். பிள்ளைகள் விழித்தனர். மக்கள் சேர்ந்து வாழும் இடம் சேரி என்றும், மட்டாஞ்சேரி, தலச்சேரி, புதுச்சேரி ஆகிய மூன்றும் ஒரே சொல்லைத் தாங்கி நிற்கின்றன என்றும் விளக்கினார். கோவில்பட்டிக்காகச் சிரித்த வகுப்பு அன்று சிரிக்கவில்லை.

உலகம் கண்ட உண்மை

இவ்வாசிரியை தம் அனுபவத்தால் அறிந்ததைக் கல்வியறிஞர் பலர் ஆராய்ந்து கூறியுள்ளனர். குழந்தைக்குக் கல்வி புகட்டத் தாய்மொழியே சிறந்த வாயில் என்று 1953இல் யுனெஸ்கோ நிறுவனம் வெளியிட்ட நூல் வலியுறுத்தியது. கனடா நாட்டுப் பேராசிரியர் ஜிம் கம்மின்ஸ், ஒருவர் அறிந்த இரு மொழிகளும் அடியில் ஒரே ஆற்றலைப் பகிர்ந்துகொள்கின்றன என்னும் கருத்தை 1979ஆம் ஆண்டை ஒட்டி விளக்கினார். ஒரே ஊற்றால் நிரம்பும் இரு கிணறுகள் போன்றவை அவை. ஒன்றைத் தூர்த்தால் மற்றதில் நீர் பெருகும் என்று எண்ணுவது பேதைமை. வீட்டுமொழியில் எண்ணவும், கதை சொல்லவும், காரணம் காட்டவும் கற்ற பிள்ளை, பள்ளிமொழியில் அவற்றுக்கான சொற்களை மட்டும் தேடினால் போதும். அவ்வாறு கல்லாத பிள்ளையோ இரண்டையும் ஒருங்கே தேட வேண்டும்.

கனடாவின் மிசிசாகா நகரில் தார்ன்வுட் என்னும் தொடக்கப்பள்ளி உண்டு. பற்பல நாடுகளிலிருந்து குடியேறியோரின் பிள்ளைகள் பயிலும் பள்ளி அது. அங்கே 2000ஆம் ஆண்டை ஒட்டி, பிள்ளைகள் தம் கதையை ஆங்கிலத்திலும் வீட்டுமொழியிலும் எழுதி இருமொழிப் புத்தகம் ஆக்கும் முயற்சி நடந்தது. வீட்டுமொழிப் பகுதிக்குப் பெற்றோர் துணை நின்றனர். ஆசிரியர்கள் அத்தனை மொழிகளையும் அறிந்தவர்கள் அல்லர் என்பதை ஈண்டுக் குறிப்பிட வேண்டும்.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டுவதில்லை. ஒடிசாவில் 2006-07ஆம் ஆண்டிலேயே சவரா, குயி, ஜுவாங் முதலான பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வி தொடங்கப்பெற்றது. வயநாட்டில் 2017இல் 'கோத்திரபந்து' என்னும் திட்டத்தின் கீழ், பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்த ஆசிரியர்களே தொடக்கப்பள்ளிகளில் துணையாசிரியராக அமர்த்தப்பட்டனர். அதே 2017இல், நம் எறணாகுளம் மாவட்டத்தில் 'ரோஷ்ணி' என்னும் திட்டம் பினானிபுரம் அரசு உயர்நிலைப் பள்ளியிலிருந்து தொடங்கிற்று. பிற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி மணி அடிக்கும் முன் காலைச் சிற்றுண்டியோடு தனி வகுப்பு நடந்தது. பிள்ளைகளின் மொழி அறிந்த தொண்டர்கள், அம்மொழியிலிருந்து மலையாளத்துக்கும் மலையாளத்திலிருந்து அம்மொழிக்கும் மாறி மாறிப் பேசிக் கற்பித்தனர். வீட்டுமொழியை இடையூறு எனக் கருதாது ஏணியாகக் கொண்ட முறை அது.

சட்டமும் இதற்கு இடம் தருகின்றது. மொழிவழிச் சிறுபான்மையோரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி செய்துதர முயல வேண்டும் என்னும் 350-அ விதி, கேரளம் பிறந்த 1956ஆம் ஆண்டிலேயே நம் அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்டது. இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாக இருத்தல் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் கூறுகின்றது. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டமோ, இம்மாநிலத் தமிழர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைவர்களோடும் தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்று உரிமை தந்துள்ளது. இடுக்கி, பாலக்காடு, திருவனந்தபுரம் மாவட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகளும் உள்ளன.

எழக்கூடிய ஐயங்கள்

'ஒரே வகுப்பில் ஐந்து மொழிப் பிள்ளைகள் இருந்தால் ஆசிரியர் என்ன செய்வார்? ஐந்து மொழிகளையும் கற்க இயலுமா?' என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. ஒரு மொழியை மதிப்பதற்கு அதைப் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கேட்கத் தெரிந்தால் போதும். கடலைப் பாடம் நடத்திய ஆசிரியைக்கு அன்றும் வங்காளி தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் நாற்பது பிள்ளைகளையும் நாளொன்றுக்கு இவ்வாறு விசாரிக்க ஓர் ஆசிரியைக்கு நேரம் போதாது என்பதும் உண்மை. ஆகவேதான் ரோஷ்ணியில் இருந்தது போன்ற துணைத் தொண்டர்கள் வேண்டும். பெற்றோர் துணையும் வேண்டும். ஆசிரியர் ஒருவர் தலையில் முழுப் பாரத்தையும் ஏற்றுவது முறையன்று.

'மலையாள நாட்டில் வாழ்வோர் மலையாளம் கற்க வேண்டாமா?' என்று வேறு சிலர் கேட்பர். கட்டாயம் கற்க வேண்டும். பேருந்துப் பலகை படிக்கவும், அண்டை வீட்டாரோடு நட்புப் பாராட்டவும், நாளை தொழில் செய்யவும் அது வேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்பு வரை அதைக் கட்டாயப் பாடமாக்கியுள்ளது. அதை எதிர்த்து யாம் ஒரு சொல்லும் கூறவில்லை. தமிழை விட்டால்தான் மலையாளம் வரும் என்னும் தவறான எண்ணத்தையே எதிர்க்கின்றோம்.

இவ்விடத்தில் நம் அண்டை வீட்டாராகிய கொங்கணி மக்களை நோக்குவோம். நான்கு நூற்றாண்டுகளாக மலையாளத்தை நன்கு கற்று, அதில் வாணிகமும் புலமையும் நடத்திய மக்கள் அவர்கள். ஆயினும் வீட்டில் கொங்கணியை விடவில்லை. கொங்கணி மொழிப் பிரசார சபை 1966இல் கொச்சியிலேயே தொடங்கப்பெற்றது. 1975இல் சாகித்திய அகாதெமி கொங்கணியை ஏற்றது. 1992இல் அது அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம் பெற்றது. அவர்கள் பேசும் மலையாளம் இதனால் குறைந்துவிட்டது என்று மட்டாஞ்சேரியில் எவரும் கூறக் கேட்டதில்லை.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, வீட்டில் தமிழைத் தயங்காது பேசுங்கள். தெரிந்த மொழியிற் சொல்லும் முழுக்கதை, தெரியாத மொழியிற் சொல்லும் அரைச் சொல்லினும் பிள்ளைக்கு ஆயிரம் மடங்கு நன்மை தரும்.

இரண்டாவது, பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே ஆசிரியரைக் கண்டு, பிள்ளையின் வீட்டுமொழி தமிழ் என்பதையும், அதில் அது எவ்வளவு படிக்கும் எழுதும் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். முறையிடும் குரல் வேண்டாம். ஆசிரியருக்குப் பயன்படும் செய்தியாகச் சொல்லுங்கள். தமிழ்ப் பாடநூல் ஒன்றை அவரிடம் காட்டுங்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் உரிய தமிழ்ச் சொற்களைப் பக்கத்திற் குறித்துக் கொடுங்கள்.

மூன்றாவது, பிள்ளை தமிழ் எழுத்தையும் அறிதல் வேண்டும். பேச்சு மட்டும் இருந்து எழுத்து இல்லையேல் ஒரு தலைமுறையில் மொழி தேய்ந்துவிடும். சங்கத்தார் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் எழுத்து வகுப்பு நடத்த இடம் தருவராயின், கற்பிக்க முன்வரும் தாய்மார் நம்மிடையே உள்ளனர்.

நான்காவது, நாமும் மலையாளம் கற்போமாக. பிள்ளையின் பாடநூலைப் பிள்ளையோடு உட்கார்ந்து நாமும் எழுத்துக்கூட்டிப் படித்தால், ஆசிரியருக்கு நம்மீது மதிப்பு வளரும். நம் மொழியை அவர் மதிக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை, அவர் மொழியை நாம் மதிக்கும்போது நிறைவு பெறும்.

அந்தத் தாய்க்கு அன்று நான் சொல்லத் தவறிய விடை இதுவே: அம்மா, தமிழிலேயே கொஞ்சுங்கள், தமிழிலேயே கதை சொல்லுங்கள். மலையாளத்தை ஆசிரியை பார்த்துக்கொள்வார். உங்கள் பணியை அவரால் செய்ய இயலாது. நான் கூறுவதற்கு முன்னரே இதை ஆசிரியையே அவர் இல்லம் சென்று கூறிவிட்டார் என்பதைப் பின்னர் அறிந்து மகிழ்ந்தேன். தாம் முன்பு கூறிய அறிவுரை தவறு என்று ஒரு தள்ளுவண்டிக்காரர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒப்புக்கொள்ள எத்தகைய உள்ளம் வேண்டும் என்பதை நேயர்களே எண்ணிப் பாருங்கள்.

சிறுமி வகுப்பில் முதல்வியாகிவிடவில்லை. பகர எழுத்துகள் நான்கும் நான்காம் வகுப்பிலும் அவளை அலைக்கழித்தன. ஆனால் கைதூக்கி விடை சொல்கிறாள். தவறாகச் சொன்னாலும் மறுமுறை கைதூக்குகிறாள். அடுத்த ஜூன் திங்களில் அவ்வகுப்பில் வேறொரு தமிழ்க் குடும்பத்துச் சிறுவன் சேர்ந்தான். முதல் நாளன்று அவனுக்குத் துணையாக அமர்த்தப்பட்டவள் அவளே. இடைவேளையில் அவள் அவனுக்குக் கற்றுத்தந்த முதற் பாடம், தாகம் எடுத்தால் 'வெள்ளம்' கேட்க வேண்டும் என்பது.